செபமாலையும் சொத்தாகலாம்

உலகப் பற்றை விடுவது என்றதும் பணம், வீடு, பதவி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. நாள்தோறும் பூசைக்குப் போய், இரவில் குடும்பத்தோடு முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும் கத்தோலிக்கருக்கு இவற்றைப் பற்றிய எச்சரிக்கை ஓரளவு உண்டு. பிரசங்கங்களில் கேட்டுப் பழகியவர்தானே. அவர் கண்ணுக்குத் தப்புவது பக்திக்குள்ளேயே வளரும் பற்று. பொருள் புனிதமானது என்பதால் அதன்மேல் வைக்கும் ஆசையும் புனிதமாகிவிடாது. கோவிலில் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டால் பூசை முடியும்வரை மனம் புழுங்குகிறது. திருவிழாவில் குடும்பத்து உபயம் வேறு நாளுக்கு மாறிவிட்டால் பங்குத்தந்தையோடு பேச்சே நின்றுபோகிறது. வரப்புச் சண்டைக்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். ஆகவே, துறவைப் பழகத் தொடங்க வேண்டிய இடம் நம் செபமே என்று நினைக்கிறேன்.

இதை மிகக் கூர்மையாகக் கண்டவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைத் துறவி புனித சிலுவை அருளப்பர். 'இருண்ட இரவு' என்ற நூலில், தலையான பாவங்கள் ஏழும் பக்தி வாழ்வில் புதிதாக நுழைந்தவர்களிடம் எப்படி வேடம் மாறி வருகின்றன என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறார். பொருளாசை அவர்களிடம் சுரூபங்களையும் செபமாலைகளையும் சேர்க்கும் ஆசையாக வருகிறது. ஒரு சிலுவையை வைத்துவிட்டு அதைவிட அழகான இன்னொன்றைத் தேடுகிறார்கள். இதற்கு எதிராக அவர் இருவரைக் காட்டுகிறார். ஒருவர், மந்திரித்த குருத்தோலையை ஓர் ஊசியால் இணைத்துச் செய்த கரடுமுரடான சிலுவையைப் பத்தாண்டுக்கும் மேலாக வைத்திருந்தார். மற்றவர் மீனின் முதுகெலும்புகளை மணிகளாக்கிச் செபித்தார். அதனால் அவருடைய பக்தியின் மதிப்பு கடவுள்முன் குறையவில்லை என்கிறார் அருளப்பர். பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் செய்தி ஒன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஓலைச் சிலுவையை அருளப்பரே அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாராம். எளிய பொருளும் கையைவிட்டுப் போகக்கூடியதே. எளிமைமேல்கூட நமக்கு உரிமை கொண்டாடத் தோன்றும் அல்லவா?

பக்திப் பொருள்கள்மேல் பற்று கூடாது என்பது கத்தோலிக்க மரபுக்கே முரணல்லவா என்று கேட்கலாம். திரெந்து பொதுச்சங்கம் 1563இல் சுரூபங்களுக்குரிய வணக்கத்தை உறுதிப்படுத்தியது உண்மை. ஆனால் அந்த வணக்கம் சுரூபம் குறிக்கும் ஆளையே சேர்கிறது என்பதுதான் சங்கம் தந்த காரணம். அப்படியானால் சுரூபத்தோடு நின்றுவிடும் மனம் அந்தப் போதனைக்குள்ளேயே இடறுகிறது. இதைவிடக் கனமான மறுப்பு வேறு. வாழ்வில் எல்லாம் இழந்த ஏழை விதவைக்கு மாதா படமும் செபமாலையும்தானே ஆறுதல்; அதையும் விடச் சொல்வது கொடுமையில்லையா? கொடுமைதான், அவற்றைப் பிறர் பிடுங்கினால். எனக்கும் அதற்கு உடன்பாடில்லை. அருளப்பரும் வைத்திருப்பதைக் கண்டிக்கவில்லை, அதில் சிக்கிக்கொள்வதைத்தான் கண்டிக்கிறார். வசதியாக உட்கார்ந்து சொன்ன அறிவுரையும் அல்ல அது. சபைச் சீர்திருத்தத்தை எதிர்த்த சொந்தச் சபைச் சகோதரர்களே அவரை 1577 டிசம்பரில் பிடித்துத் தொலேதோ நகரில் அடைத்து வைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவர் தப்பிக்கும்வரை பூசை நிறைவேற்றவும் அவருக்கு அனுமதி இல்லை. குருவானவருக்குத் திருப்பலியே மறுக்கப்பட்ட அந்த மாதங்களில் அவருடைய கவிதைகள் சில பிறந்தன. அந்த விதவையின் செபமாலை ஒருநாள் தொலைந்தாலும் அவளுடைய செபம் தொலையாதிருக்க வேண்டும் என்பதே இங்கே கேட்கப்படுவது.

மனத்தளவில் விட்டுவிட்டேன் என்று சொல்லி எல்லாவற்றையும் கையிலேயே வைத்துக்கொள்ள இது வழியாகாதா? ஆகும். புனித இஞ்ஞாசியார் தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இந்தத் தப்பித்தலை முன்பே கண்டிருக்கிறார். பத்தாயிரம் பொற்காசு பெற்ற மூன்று வகையினரை அவர் காட்டுகிறார். முதல் வகையினர் பற்றை விட நினைத்தபடியே எதுவும் செய்யாமல் சாகிறார்கள். இரண்டாம் வகையினர் பணத்தையும் வைத்துக்கொண்டு பற்றையும் விடப் பார்க்கிறார்கள். கடவுள்தான் தங்கள் வழிக்கு வரவேண்டும். மூன்றாம் வகையினர் வைத்திருப்பதையும் கொடுத்துவிடுவதையும் கடவுளின் விருப்பத்துக்கே விடுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அதனால்தான் மனம் எதைப் பற்றிக்கொள்கிறதோ, அதற்கு நேர் எதிரானதைத் தரும்படி, உள்ளம் மறுத்தாலும், மன்றாடச் சொல்கிறார் இஞ்ஞாசியார். இரவு ஆன்ம சோதனையில் இதைச் செய்துபார்க்கலாம். பாடற்குழுவில் தனிப்பாடல் பாடுகிறவர், அடுத்த ஞாயிறு அது வேறொருவருக்குக் கிடைக்கும்படி செபிக்கலாம். பிறகு அதைக் குழுத்தலைவரிடமும் கேட்கலாம். செபத்தில் கேட்டதை அவரிடம் சொல்ல நாக்கு தயங்கினால், பற்று எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.