பத்து ரூபாய்க் கேள்வி

திருப்பூர் ராயபுரத்துச் சந்துகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர். ஆழ்குழாயில் வருவது உப்புத் தண்ணி. குடிக்க ஆவது நல்ல தண்ணி. நல்ல தண்ணி திறக்கும் நேரத்தில் குழாய் முதலில் காற்றாய்ச் சீறும், பிறகுதான் குடத்தில் விழும். அதைக் கொண்டுவரும் பணத்தை ஆள்வது யார், அரசா கம்பெனியா?

வள்ளுவர் இறைமாட்சியில் அரசின் வேலையை நான்காகப் பிரித்தார்: பொருள் வரும் வழி காண்பது, சேர்ப்பது, காப்பது, பகிர்ந்தளிப்பது. நான்கும் ஒரே இடத்தில் இருந்தால் குடிகள் யாரிடம் போய்க் கேட்பது என்பதில் குழப்பமில்லை.

திருப்பூரில் அந்த நான்கும் பிரிந்து போயின. 1995இல் தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், நிதி நிறுவனமான ஐஎல்&எஃப்எஸ் ஆகியவை சேர்ந்து புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகத்தைத் தொடங்கின. பவானி அருகே காவிரியிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர். 30 ஆண்டு ஒப்பந்தம். ஆறு சட்டமன்றத் தேர்தல் வந்து போகும், ஒப்பந்தம் அப்படியே இருக்கும். சாயப்பட்டறைகள் கூடுதல் விலை கொடுக்க, வீடுகளுக்கு மலிவாகக் கிடைக்கும் என்பது கணக்கு.

அந்த ஒப்பந்தத்தில் என்னதான் இருக்கிறது? மந்தன் ஆய்வு மையம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டது. நாங்கள் கம்பெனி, சொல்ல வேண்டியதில்லை என்று பதில் வந்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: அரசுப் பணம் கலந்திருக்கிறது, குடிநீர் தருவது அரசின் கடமை, ஆகவே இதுவும் பொது அமைப்புதான். தமிழ்நாட்டில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கக்கூடிய கேள்வி அது. ஆயிரம் கோடித் திட்டத்தை அது அசைத்தது!

2011 ஜனவரியில், நொய்யல் ஆற்றைப் பாழாக்கிய சாயப்பட்டறைகளை அதே நீதிமன்றம் மூடச் சொன்னது. கரையோர விவசாயிகளுக்குக் கிடைத்த நியாயம். பெரிய வாடிக்கையாளர் படுத்ததும் தண்ணீர்க் கம்பெனியின் வரவும் படுத்தது.

2018இல் ஐஎல்&எஃப்எஸ்ஸே சுமார் 91,000 கோடி ரூபாய்க் கடனில் கவிழ்ந்தது. அந்த நிறுவனத்தில் கால் பங்குக்காரர் எல்ஐசி. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் கட்டிய பிரீமியமும் அங்கே போயிருக்கலாம். அவருக்கு அந்த நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டு இல்லை, கூட்டம் நடப்பதே தெரியாது. அரசின் செலவை மக்கள் ஆளுகிறார்கள் என்றால் மிகைதான். ஆனாலும் கருவூலப் பணத்துக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், தணிக்கை அறிக்கை சபைக்கு வர வேண்டும். கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஓர் ஆள் அங்கே உண்டு.

தண்ணீர் நின்றால் காலிக்குடத்தோடு பெண்கள் போவது கவுன்சிலர் வீட்டுக்குத்தான். கம்பெனியின் வாசல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.