யார் தலையில் கட்டுவது?

2003 ஆகஸ்ட் 19. பாக்தாதில் ஐ.நா. அலுவலகம் இயங்கிவந்த கனால் ஹோட்டலை ஒட்டி ஒரு லாரி வெடித்தது. 22 பேர் இறந்தார்கள், ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதி செர்ஜியோ வியேரா டி மெலோ உட்பட. காயம்பட்டவர்களில் பலரைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடிதான். வெடித்தாலும் கண்ணாடி சிதறாமல் பிடித்துவைக்க ஒரு பிலிம் இருக்கிறது. நம்மூரில் கார் கண்ணாடிக்கு ஒட்டும் ஷீட்டின் முரட்டு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கி ஒட்டுவதில் காட்டிய மெத்தனத்தைப் பின்னால் வந்த விசாரணைக் குழு கடுமையாகச் சாடியது.

ஒரு மனிதரைப் போர் நடக்கும் ஊருக்கு வேலைக்கு அனுப்புகிறோம். அவர் உயிருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்? கேள்வி தத்துவம் மாதிரி இருக்கிறது. பதில் எப்போதும் பட்ஜெட்டில்தான் கிடைக்கிறது.

அந்தக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, 2005இல், ஐ.நா.வில் பாதுகாப்புக்கென்று தனித் துறை வந்தது. அதன் செலவு முழுவதையும் உறுப்பு நாடுகள் கட்டும் வழக்கமான பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடலாம் என்று அன்றைய பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் கேட்டார். நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை. களத்தில் யாருக்கு எத்தனை ஊழியர்களோ அந்த விகிதத்தில் யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் போன்ற அமைப்புகள் பங்கு போட்டுக் கொடுக்கும் பழைய முறையே தொடர்ந்தது. ஹாஸ்டலில் கரண்ட் பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது போலத்தான். இந்த அமைப்புகளின் பணமோ பெரும்பாலும் நன்கொடை. நூறு ரூபாய் கொடுத்தால் பசித்தவருக்கு எத்தனை ரூபாய் போய்ச் சேரும் என்று கேட்கிறவர்கள்தான் நன்கொடையாளர்கள். (நானும் அப்படித்தான் கேட்பேன்.) அந்தக் கேள்விக்கு முன்னால் குண்டு துளைக்காத கார் ஆடம்பரமாகத் தெரியும். ஜன்னல் பிலிம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும்.

பணம் இல்லாத இடத்தில் சுலபமாகக் கிடைக்கும் பாதுகாப்பு ஒன்றுதான், கிளம்பிவிடுவது. சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய தந்திரம். தீராத பக் ஒன்றை அடுத்த டீமுக்கு அசைன் செய்துவிட்டால் நம் போர்டு சுத்தமாகிவிடும். பக் அங்கேயேதான் இருக்கும்.

2008 செப்டம்பரில், வன்னியில் உங்கள் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தர முடியாது என்று இலங்கை அரசு சொன்னது. ஐ.நா. கிளிநொச்சியிலிருந்து வெளியேறியது. போகாதீர்கள் என்று ஜனங்கள் அலுவலக வாசலில் கூடி மறித்தார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் போனார்கள். குடும்பத்தோடு வெளியேறப் புலிகள் பாஸ் தராததால் உள்ளூர் ஊழியர்கள் பலர் போக முடியவில்லை. வெளிநாட்டு ஊழியர்களைப் பொறுத்தவரை ஆபத்து குறைந்தது, உண்மைதான். குறைந்த அந்த ஆபத்து எங்கே போனது? தங்கிவிட்ட ஊழியர்கள் தலையில் கொஞ்சம். வெளியிலிருந்து பார்க்கக் கண்கள் குறைந்துபோன ஜனங்கள் தலையில் மிச்சமெல்லாம். 2012இல் வெளிவந்த ஐ.நா.வின் உள் ஆய்வு, இலங்கையில் அமைப்பு தன் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்டது.

ஆனால் கிளம்பியவர்களைக் கோழை என்று திட்ட எனக்கு மனசு வரவில்லை. அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும். வேறு யாரோ தங்கள் உயிரைக் கொடுத்துச் சாட்சி சொல்ல வேண்டும் என்று, ஏசி அறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து நான் கேட்பதில் என்ன நியாயம்? எனக்கு உறுத்துவது வேறு. யார் முதலில் கிளம்பலாம் என்பது நெருக்கடி வருவதற்கு வெகுமுன்பே எழுதியாகிவிட்டது. ஐ.நா.வின் பொது விதிப்படி, நாட்டைவிட்டு வெளியேற்றும் ஏற்பாடு வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்குத்தான். உள்ளூர்க்காரருக்கு, பெரும்பாலும் சம்பள முன்பணம், விதிவிலக்கான சூழலில் நாட்டுக்குள்ளேயே இடமாற்றம். அவருக்கு இது சொந்த ஊர், விசா இல்லாமல் எந்த நாட்டுக்குக் கூட்டிப்போவது என்பது இதற்குச் சொல்லும் காரணம். அது பொய்யும் இல்லை. சொந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்பவர்களும் உண்டு.

காஸாவைப் பாருங்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு, பாலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பு 300க்கும் மேற்பட்ட ஊழியர்களை இழந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லோரும் பாலஸ்தீனியர்கள். பள்ளி ஆசிரியர், மருத்துவ ஊழியர், டிரைவர். அவர்களை எங்கே கூட்டிப்போவது? சரி, கூட்டிப்போக முடியாது. அப்படியானால் பாதுகாப்புப் பணத்தைக் கடைசியில் மிஞ்சுகிறவரிடமிருந்தே எண்ணத் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. அவருடைய வீட்டுக்கு வயர்லெஸ், அவருடைய குடும்பத்துக்குப் பதுங்குகுழி, அவர் செத்தால் வெளிநாட்டுக்காரருக்குக் கிடைப்பதற்குக் குறையாத காப்பீடு. இதற்கு விசா வேண்டாம், காசு மட்டும் போதும்.

இன்னொன்றும் செய்யலாம், அதற்குக் காசுகூட வேண்டாம். வேலைக்குச் சேரும் அன்றே அந்த டிரைவரை உட்காரவைத்து, "அண்ணா, நிலைமை மோசமானால் நாங்கள் கிளம்பிவிடுவோம், உங்களைக் கூட்டிப்போக மாட்டோம்" என்று அவர் பாஷையில் சொல்லிவிடலாம். சொன்ன பிறகு சம்பளம் பேசலாம்.