யுத்தத்துக்குக் கைகள் இல்லை

எமது பாடசாலையின் கணினி அறையில் தரம் 10 மாணவர்களுடன் அமர்ந்து ‘மின்மினிகளின் கல்லறை’ என்ற யப்பானிய அனிமேஷன் திரைப்படத்தைப் பார்த்தேன். சித்திரப்படம் என்றதும் சிரிக்கலாம் என்ற எண்ணத்தோடு வந்திருந்த பிள்ளைகள் அவர்கள். படம் முடிந்து விளக்கைப் போட்டபோது ஒருவரும் எழும்பவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு மாணவி மாத்திரம் கேட்டாள்:

“அந்தப் புள்ள மௌத்தானது ஆர்ர பிழை சேர்?”

மாமியில்தான் பிழை என்றான் ஒருவன். வேலைவெட்டிக்குப் போகாமல் படுத்துக் கிடந்த நாநாவில்தான் பிழை என்றான் மற்றொருவன். வாக்குவாதம் வளர்வதைக் கண்ட நான், “யுத்தத்தின் பிழை” என்று கூறி முடித்து வைத்தேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். மணியும் அடித்தது. சரியான விடையைச் சொல்லிவிட்ட நிம்மதியோடு வீடு திரும்பிய எனக்கு, அன்றிரவே அந்த விடை உறுத்தத் தொடங்கிற்று.

இசாவோ டகாஹாட்டா இயக்கிய இப்படம் 1988 ஏப்ரல் 16 ஆம் திகதி வெளியானது. கதை 1945 இல் நிகழ்கிறது. கோபே நகரின் மீது அமெரிக்க விமானங்கள் எரிகுண்டுகளைப் பொழிகின்றன. பதினான்கு வயதுச் செய்தாவும் நான்கு வயதுத் தங்கை செற்சுகோவும் தாயை இழக்கிறார்கள். தந்தை கடற்படையில். உறவுக்காரப் பெண்ணொருத்தியின் வீட்டில் ஒதுங்குகிறார்கள். தாயின் கிமோனோக்களை விற்று அரிசி வாங்கும்வரை அவள் முகம் மலர்ந்திருக்கிறது. பின்னர் உழைப்பவர்களுக்குச் சோறும் இவர்களுக்குக் கஞ்சித் தண்ணீரும் என்றாகிறது. குத்தல் பேச்சைப் பொறுக்க மாட்டாத செய்தா, தங்கையைக் கூட்டிக்கொண்டு குளக்கரையில் கைவிடப்பட்டிருந்த பதுங்குகுழிக்குக் குடிபோகிறான். அங்கே மின்மினிகள்தாம் அவர்களுக்கு விளக்கு. யுத்தம் முடிந்த சில நாட்களில், பசியால் உலர்ந்து தங்கை இறக்கிறாள். அவளது எலும்புகளை ஓர் இனிப்புத் தகரப்பேணியில் வைத்துக்கொண்டு திரிந்த அண்ணனும் செப்டெம்பரில் புகையிரத நிலையமொன்றில் இறந்துபோகிறான்.

நடந்ததை நிதானமாக எண்ணிப் பார்த்தால், யுத்தத்துக்கும் அப்பிள்ளையின் மரணத்துக்கும் இடையே பல மனிதர்கள் நிற்பது தெரியும். மாமி அரக்கியல்லள். வீட்டுக்குள் எடுத்தவள் அவள்தான். பங்கீட்டுக் காலத்தில் இரண்டு வயிறுகள் கூடினால் எந்தக் குடும்பத்திலும் முகம் சுருங்கும். ஆனால் அவர்கள் புறப்பட்டபோது “போகாதே” என்று அவள் அழுத்திச் சொல்லவில்லை. “பொறுத்துக்கொண்டு திரும்பிப் போ” என்று ஒரு விவசாயி புத்தி சொன்னான். செய்தா போகவில்லை. வயலில் களவெடுத்த அவனை இன்னொரு விவசாயி அடித்துப் பொலிஸுக்கு இழுத்துச் சென்றான். போசாக்கான உணவு கொடுங்கள் என்று சொன்ன வைத்தியர், அது எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயங்கள் எல்லாம் சேர்ந்துதான் நான்கு வயதுப் பிள்ளையொன்றைக் கொன்றன.

எரிகுண்டு வீசக் கட்டளையிட்டவர்களையும், தோல்வி தெரிந்த பின்னும் யுத்தத்தை இழுத்தடித்த அரசையும் நான் விடுவிக்கவில்லை. பெரும்பங்கு அவர்களுடையதே. ஆனால் ‘யுத்தம்’ என்ற சொல்லுக்குக் கைகள் இல்லை. அது கட்டளையிடாது, கதவையும் சாத்தாது. அவற்றைச் செய்பவர்கள் மனிதர்கள். அந்தச் சொல்லை நாம் விடையாகச் சொல்லும்போது, கைகளுள்ள அனைவரும் மெல்ல நழுவிச் சென்றுவிடுகிறார்கள். சோற்றைப் பலருக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். பழி அப்படியல்ல. எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் ஒவ்வொருவர் பங்கும் முழுமையாகவே இருக்கிறது.

டகாஹாட்டா தனது ஒன்பதாவது வயதில் ஒகயாமா நகர்மீதான குண்டுவீச்சிலிருந்து ஓடித் தப்பியவர். அவ்வாறிருந்தும் இதை வெறும் யுத்த எதிர்ப்புப் படம் என்று முத்திரை குத்துவதை அவர் ஏற்கவில்லை. காலம் மாறினால் அந்த மாமியைவிடவும் கடுமையாகச் செய்தாவை நோக்கும் மக்கள் பெருகக்கூடும் என்றும் அஞ்சினார். ‘நாநாவில்தான் பிழை’ என்ற என் மாணவனின் குரல் அப்போது நினைவுக்கு வந்தது. பதினான்கு வயதுப் பையன் ஒருவனிடம் வளர்ந்தவனின் பொறுமையை எதிர்பார்த்தது அவன் மட்டுமல்லன், நானுந்தான்.

இக்கதையின் மூலத்தை எழுதியவர் அக்கியுகி நொசாக்கா. 1967 இல் வெளிவந்த அக்கதைக்கு நவோக்கி பரிசு கிடைத்தது. கோபே எரிந்தபோது அவருக்கும் பதினான்கு வயது. ஒன்றரை வயதைக்கூட எட்டாத அவரது வளர்ப்புத் தங்கை, போசாக்கின்மையால் அதே ஆண்டு இறந்தாள். கதையிலுள்ள அண்ணனைப் போலத் தாம் அன்பாக நடந்துகொள்ளவில்லை என்பதை நொசாக்கா மறைக்கவில்லை. அவளுக்குரிய உணவைத் தாமே தின்றதை ஒப்புக்கொண்டார். தாம் ஆகியிருக்க வேண்டிய அண்ணனைக் கதையில் படைத்தார். அந்த அண்ணனையும் கதையிலே சாகவிட்டு, தாம் 2015 வரை வாழ்ந்தார்.

இது பொய்யா, பிராயச்சித்தமா? இறந்துபோன குழந்தையிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. கதை எழுதியதனால் அவள் வயிறு நிறையவும் இல்லை. ஆயினும் குண்டுவீச்சுக்கும் பஞ்சத்துக்கும் நடுவில் நின்ற ஒரு மனிதர், பழியைச் சுமத்த எத்தனையோ பெரிய பெயர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், “நான் தின்றேன்” என்றார். அச்சிறிய வாக்கியத்தில் ஒரு குழந்தை உண்மையாகவே இறந்துபோகிறாள். ‘யுத்தம் கொன்றது’ என்ற என் வாக்கியத்தில் அவள் ஓர் எண்ணிக்கை மாத்திரமே.

இப்படம் திரையிடப்பட்ட அதே நாளில், அதே அரங்குகளில், அதே ஜிப்லி நிறுவனத்தின் ‘எனது அயலவர் டொடோரோ’ என்ற படமும் சேர்த்துக் காட்டப்பட்டது. ஹயாவோ மியசாகி இயக்கியது. அதிலும் மூத்த பிள்ளையொன்றும் சிறு தங்கையும் உண்டு. தங்கை காணாமற்போகிறாள். குளத்தில் ஒரு சிறு செருப்பு மிதந்தது என்றதும் கிராமத்தவர்கள் தடிகளோடு குளத்தைத் துழாவுகிறார்கள். செருப்பு அவளுடையதல்ல, பிள்ளையும் கிடைக்கிறாள். அவளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது மாயப் பூனையொன்று என்பது வேறு கதை. ஆனால் அதற்கு முன்பே ஊர் தேடப் புறப்பட்டுவிட்டது. செற்சுகோவுக்கும் ஒரு குளக்கரை இருந்தது. அவளைத் தேடி ஊர் வரவில்லை.

எனது முதல் நியமனப் பாடசாலையில் ஒரு மாணவன் வரவை நிறுத்தினான். இடைவிலகலுக்கான காரணத்தைக் குறிக்கும் இடத்தில் ‘வறுமை’ என்று எழுதினேன். அது உண்மைதான். அவனது வீடு பாடசாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்ததும் உண்மை. நான் போகவில்லை.

மறுவாரம் அந்த மாணவியிடம், நான் சொன்னது குறைவிடை என்றேன்.

“அப்ப முழு விடை என்ன சேர்?”

அந்த மாணவனைப் பற்றிச் சொன்னேன்.