காலைப் பசி யார் பொறுப்பு?

வயிற்றுப்பாட்டை மார்க்கத்தோடு சேர்த்துப் பேசலாமா எனச் சிலர் கேட்பதுண்டு. பட்டினியாகப் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் பசிக்கு யார் பதில் சொல்வது என்று நாம் அவர்களைக் கேட்கிறோம்.

காசிமேட்டிலும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உழைப்பவர் வீடுகளைப் பாருங்கள். பொழுது விடியுமுன்பே ஒருவர் படகுத் துறைக்கும் ஒருவர் தொழிற்சாலை ஷிப்டுக்கும் போய்விடுகிறார். தாயும் மீன் கூடையுடனோ வீட்டு வேலைக்கோ கிளம்பிவிடுகிறாள். அடுப்பெரியாத வீட்டில் பிள்ளைக்கு வாய்ப்பது ஒரு தேநீரும் பன்னும். தேநீர் பசியை மறைக்குமேயன்றி ஆற்றாது. இரவு உண்டபின் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காலியாய்க் கிடந்த வயிற்றோடு கணக்குப் பாடத்தில் அமரும் சிறுவனை மந்தபுத்தி என்று ஏசினால் அது நியாயமாகுமா?

பசி பொறுப்பது முஃமினின் பண்பல்லவா என்பார்கள். நோன்பைக் கடமையாக்கிய மார்க்கமே ஸஹர் உணவை வலியுறுத்துகிறது. அதில் பரக்கத் உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். பருவமடையாத பிள்ளைக்கோ நோன்பு கடமையே இல்லை. இறைவன் சுமத்தாத பட்டினியை நமது அசட்டை சுமத்தலாமா?

அபூதர்தா (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தார்கள். விருந்தினராக வந்த ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்கள், அவர் உண்ணாமல் தாம் உண்பதில்லை என்று கூறி உண்ண வைத்தார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிய ஹக்கை அவரவர்க்குக் கொடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஸல்மான் சொன்னது உண்மையே என நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். ஆக, உணவு உடலின் ஹக்கு. பிள்ளைக்கு அதைக் கொடுப்பது தர்மமன்று, கடன்.

இக்கடனைப் பொதுக் கடனாக ஏற்ற வரலாறு நம் ஊருக்கு உண்டு. வடசென்னையைச் சேர்ந்த பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு வழங்கியது. 1956இல் காமராஜரும் 1982இல் எம்.ஜி.ஆரும் அதை மாநிலமெங்கும் விரித்தனர். எனினும் மதிய மணி அடிக்கும்வரை பசி காத்திருந்தது. 2022 செப்டம்பர் 15இல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கிற்று. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை படிக்கும் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார் என ஏற்பாடாயிற்று. 2023 ஆகஸ்டில் அது மாநிலத்து அரசு தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது.

அரசு ஊட்டினால் பெற்றோர் கடமையை மறப்பார்களே என்பது ஓர் ஆட்சேபம். ஷிப்டுக்கு ஓடுபவர் கடமையை மறந்தவரல்லர். அதைச் செய்யவே ஓடுகிறார். அவரால் இயலாததை ஊர் சேர்ந்து செய்வது கை கொடுப்பதாகும். இயன்றிருந்தும் சோம்பலால் பிள்ளை கையில் பிஸ்கட் பொட்டலத்தைத் திணிப்பவரே பதில் சொல்ல வேண்டியவர். கேழ்வரகுக் கூழும், இட்லியும், ஒரு முட்டையும் எட்டாத பொருள்களல்லவே!

பள்ளிக்கு விடுமுறை உண்டு. பசிக்கு விடுமுறை இல்லை. அந்நாள்களில் அடுத்த வீட்டுப் பிள்ளை பசியாறியதா என்று விசாரிப்பது மஹல்லாவாசிகளான நம் கடமை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு வெறுந்தேநீரோடு வேலைக்குப் போகும் தாய்க்கும் ஒரு பங்கு எடுத்து வைப்போமாக! வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்பீக் செய்வானாக!