செய்தவர் யார்? இசைத்தவர் யார்?

இசையரங்கு நிறைவுற்றதும் நாம் பாராட்டுவது பாடியவரை, வாசித்தவரை. வாசித்த கருவியைச் செய்தவர் யார் என்று வினவும் வழக்கம் நம்மிடம் இல்லை. அவ்வினாவை இன்று நம்முன் எழுப்புவோர் மாணவர்கள் ஆவர்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2005-ஆம் ஆண்டு டான் ட்ரூமன், பெரி குக் என்னும் இரு ஆசிரியர்கள் மடிக்கணினிகளைக் கொண்டே ஓர் இசைக்குழு அமைத்தனர். தொடக்கத்தில் அமர்ந்தோர் 15 மாணவர்கள். மரமும் நரம்பும் தோலும் இல்லாத அக்குழுவில், மாணவர் எழுதும் மென்பொருளே கருவி. எவ்விசையைத் தட்டினால் எவ்வொலி எழ வேண்டும், கணினியைச் சாய்த்தால் ஒலி எங்ஙனம் மாற வேண்டும் என்பவற்றை அவர்களே வகுக்கின்றனர். அதற்கென இசை இயற்றி அரங்கில் வாசிக்கின்றனர். 2008-இல் ஸ்டான்ஃபோர்டிலும் இத்தகைய குழு தோன்றியது.

“ஆண்டுக்கணக்கான சாதகம் இன்றி இசை ஏது?” என நம் மூத்தோர் கேட்பர். புறந்தள்ளத்தக்க கேள்வி அன்று அது. ஒலிபெருக்கி மிருதங்கத்தின் இயல்பான நாதத்தைக் கெடுக்கிறது எனக் கருதிய பாலக்காட்டு மணி ஐயர் (1912–1981), அஃது இல்லாத அரங்குகளிலேயே வாசிப்பது எனச் சில காலம் உறுதி பூண்டிருந்தார். கைக்கும் செவிக்கும் இடையே பொறி புகுந்து பொய்யுரைக்கலாகாது என்பதே அவ்வுறுதியின் உட்பொருள் என நாம் கொள்ளலாம். பிரின்ஸ்டன் குழுவும் ஒவ்வொரு மாணவர் அருகிலும் அரைக்கோள வடிவான ஒலிபெருக்கி ஒன்றை வைத்தது. வாசிப்பவர் இருக்கும் இடத்திலிருந்தே ஒலி எழவேண்டும் என்பது நோக்கம். பொறி என்பதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது; அதனைக் கையாள்பவர் மெய்யை நாடுகிறாரா என்பதே அளவுகோல்.

தாமே செய்து தாமே இசைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், தீக்கடைகோலின் நெருப்பால் துளையிட்டுக் குழல் செய்கிறான். அதில் வாசித்த பாலைப்பண் சலித்ததும், குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழ் மீட்டுகிறான். அங்கே செய்தவனும் இசைத்தவனும் ஒருவனே.

பின்னாளில் இருவரும் பிரிந்தனர். ஒருவரே அனைத்தும் செய்தல் இயலாதாதலின் பிரிவு குற்றமாகாது. ஒருவருக்கு மேடையும் மாலையும், மற்றவருக்கு வாயிலின் புறமும் என்று ஆனதே குற்றம். மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னே, தஞ்சாவூர்ப் பர்லாந்து தோலைத் தேர்ந்து வார்பிடித்த உழைப்பு இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினரான அக்கைவினைஞர்களின் வரலாற்றை டி. எம். கிருஷ்ணா 2020-இல் நூலாக்கினார். இசையை நுகர்ந்த நம்மில் எத்தனை பேர் அதற்கு முன் அப்பெயரைக் கேட்டிருந்தோம்? நம் பாலக்காட்டுப் பெருவெம்பிலும் தோற்கருவி செய்யும் குடும்பங்கள் உள்ளன. அவர்களுள் ஒருவர் பெயரையேனும் நாம் சொல்ல வல்லோமா?

தம் கருவியைத் தாமே ஆக்கும் மாணவர் இப்பிளவை மூடுகின்றார். எனினும் அவருக்கும் ஒரு கடன் உண்டு. அவர் எழுதும் மென்பொருளின் அடியில் பிறர் ஆக்கிய மொழி கிடக்கிறது. பிரின்ஸ்டனில் பயன்பட்ட ‘சக்’ என்னும் கணினி மொழி, கே வாங் என்னும் ஆய்வு மாணவர் பெரி குக்குடன் சேர்ந்து ஆக்கி, எவரும் விலையின்றிப் பெற வழங்கியது. ஆதலின் “யான் செய்தேன்” என்னும் சொல் அங்கும் பாதி உண்மையே.

கேரள உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் வழியே கணினி நிரல் எழுதுதல் கற்பிக்கப்படுகிறது. சித்தூர் வட்டத்திலும், மூணாறு, பீருமேட்டுத் தோட்டங்களிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு இக்கலை இனி எட்டாக்கனி அன்று. தேநீர் அருந்துவோர் கொழுந்து பறித்த விரல்களை நினைப்பதில்லை. அவ்விரல்களின் வழிவந்தோர் வாழும் மண்ணில், மறக்கப்படுதல் என்பது யாதென எவரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே சங்க விழாக்களில் ஒரு வழக்கத்தைத் தொடங்குவோம். தோற்கருவி ஆயினும் கணினி ஆயினும், வாசிப்பவர் பெயருக்கு அருகே செய்தவர் பெயரையும் அழைப்பிதழில் அச்சிடுவோம். நம் பிள்ளை ஒருநாள் தானே ஆக்கிய கருவியுடன் மேடையேறும்போது இரண்டிடத்தும் அவன் பெயரே இருக்கலாம். அவனுக்கு மொழி தந்தவர் பெயரை அவனே எழுந்து சொல்லட்டும்.