அருளும் எதிரோட்டமும்

கடவுளுக்குப் பட்சபாதம் இல்லை என்றால், அவருடைய ஒரே சக்தியைக் கொண்டு இயங்கும் உயிர்களுள் ஒன்று ஈடேறுவதும் மற்றொன்று வீழ்வதும் எங்ஙனம் என்னும் கேள்வி நம் நாட்டுத் தத்துவ விசாரணையில் மிகப் பழமையானது. பிரம்ம சூத்திரம் தன் இரண்டாம் அத்தியாயத்தில் இதனை எடுத்துக்கொண்டு, ஈசுவரனிடத்தில் ஏற்றத்தாழ்வும் இல்லை, இரக்கமின்மையும் இல்லை, உயிர்களின் கருமத்தை அபேட்சித்தே அவன் பலனளிக்கிறான் என்று விடையிறுக்கிறது. அதற்குப் பாஷ்யம் செய்தவர் மலையாள நாட்டுக் காலடியில் பிறந்த சங்கரர். மழைக்குப் பஞ்சமில்லாத அந்நாட்டவர் மழையையே திருஷ்டாந்தமாகக் காட்டியது பொருத்தமே. நெல்லுக்கும் யவம் என்னும் வாற்கோதுமைக்கும் மழை பொதுக் காரணம். ஒன்று நெல்லாகவும் மற்றொன்று யவமாகவும் விளைவதற்கு அவ்வவற்றின் விதையே காரணம் என்பது அவர் கருத்து.

இத்திருஷ்டாந்தம் வேற்றுமையை விளக்குகிறதே ஒழிய விரோதத்தை விளக்குவதில்லை. மழை நெல்லை நெல்லாகவும் யவத்தை யவமாகவும் வளர்க்கும். முளைத்த பயிரை மீண்டும் விதைக்குள் தள்ளாது. உலகத்திலோ ஒரே சாஸ்திரத்தைப் பயின்ற இருவருள் ஒருவர் அடக்கமும் மற்றவர் செருக்கும் பெறுகிறார்கள். ஒரே விரதம் ஒருவரை இளகச் செய்து, மற்றொருவரை, விரதம் காவாதவரையெல்லாம் இகழும் கடுமனத்தர் ஆக்குகிறது. அடக்கமும் செருக்கும் ஒரு வயலின் இருவேறு பயிர்கள் அல்ல. ஒன்றுக்கொன்று நேர் எதிரான திசைகள். ஒரு சக்தியே இரு திசைக்கும் காரணமாதல் எப்படி என்பதற்கு வேறொரு திருஷ்டாந்தம் வேண்டும். திருவனந்தபுரத்தின் மேட்டுச் சாலைகளில் ஓடிய பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களில் அது கிடைக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இந்நகரம் ஏற்றமும் இறக்கமுமானது. பிளாமூட்டிலிருந்து பி.எம்.ஜி. சந்திப்புக்கு ஏறும் சாலையில் ஒரு பழைய ஜாவா வண்டி நெரிசலில் நின்று, எஞ்சின் அடங்கிப்போக, ஓட்டுபவர் அவசரத்தில் கிக்கரை அரைமிதியாக மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் உடனே பற்றிக்கொண்டு வழக்கமான ஓசையோடு ஓடுகிறது. வழி விட்டதும் முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விடுகிறார். வண்டி முன்னே செல்லாமல், பின்னால் நிற்கும் அரசுப் பேருந்தின் முகப்பை நோக்கிப் பின்வாங்குகிறது. கியரில் குறையில்லை, கிளட்சில் குறையில்லை. எஞ்சினே எதிர்த்திசையில் சுழன்றுகொண்டிருக்கிறது. மைசூரில் செய்யப்பட்டு முதலில் ஜாவா என்றும் 1973 முதல் எஸ்டி என்றும் பெயர் பூண்ட வண்டிகள், ராஜ்தூத், லாம்பிரெட்டா ஆகியவற்றை வைத்திருந்தோர் பலர் இவ்விந்தையை அறிவார்கள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கு வந்து பட்டறை வைத்த மெக்கானிக்குகள் இதற்குச் சொல்லும் வைத்தியம் சுருக்கமானது: “அண்ணாச்சி, கிக்கரை முழுசா மிதிக்கணும், பாதியில விட்டா திருப்பி அடிக்கும்.”

இஃது அவ்வியந்திரத்தின் அமைப்பிலேயே உள்ள இயல்பு. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்று புகும் வழியையும் புகை போகும் வழியையும் வால்வுகள் காக்கின்றன. அவை திறக்கும் வரிசையைக் கேம் தண்டு முன்னரே விதித்துவிடுவதால், திசை மாறினால் அது சைலன்சர் வழியே மூச்சை இழுத்துத் திணறி நின்றுவிடும். நான் சொல்லும் பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினிலோ அத்தகைய காவல் இல்லை. சிலிண்டரின் சுவரில் வெட்டிய துளைகளை, மேலும் கீழும் செல்லும் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் அடியைத் தொடுவதற்கு எத்தனை பாகை முன்னதாகப் புகை போகும் துளை திறக்கிறதோ, அடியைத் தொட்டு ஏறும்போது அத்தனை பாகை கழித்தே அது மூடும். ஆகவே கிராங்க் வலமாகச் சுழன்றாலும் இடமாகச் சுழன்றாலும் அத்துளைகளுக்குப் பேதம் தெரியாது. தனக்கென ஒரு திசை இல்லாமல், எது முதலில் தள்ளியதோ அதன் வழியே ஓடுவது அதன் சுபாவம். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இலக்கணம் என்று சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபினர் கூறுவதும் இத்தகையதே.

இனி, எதிரே தள்ளுவது எது? முன்னே தள்ளும் அதே தீப்பொறிதான். பிஸ்டன் உச்சியைத் தொட்ட பிறகு பொறி விழுந்தால் முழுப் பயன் இல்லை. ஆவி பற்றி எரிந்து முழு அழுத்தம் பெறச் சிறிது காலம் பிடிக்கும். நிமிஷத்துக்கு 3000 சுற்று சுழலும் எஞ்சின் 20 பாகையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் காலம் ஒரு விநாடியை ஆயிரம் கூறிட்டதில் ஒரு கூறுக்குச் சற்றே அதிகம். அதற்குள் நெருப்பு பரவியாக வேண்டும். ஆதலால் பிஸ்டன் உச்சியை எய்துவதற்கு ஏறத்தாழ 20 பாகை முன்பே, அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, பொறி விழுமாறு, அப்பொறியை எழுப்பும் பாயிண்டைச் சரிசெய்து வைக்கிறார்கள். வேகத்தோடு ஏறும் பிஸ்டன் அந்நெருப்பை எதிர்த்து உச்சியைக் கடந்துவிடுகிறது. கடந்த கணத்தில் எதிர்த்து நின்ற நெருப்பே துணையாகி அதனை முன்னே உந்துகிறது. அரைமிதியால் ஏறிய பிஸ்டனோ உச்சியை எய்துமுன் நெருப்பைச் சந்தித்து, அதனால் தள்ளுண்டு வந்த வழியே திரும்பி, அத்திசையிலேயே சுழலத் தொடங்கிவிடுகிறது. நெருப்பு ஒன்று, விழும் இடமும் ஒன்று. ஏறியவனிடத்து இருந்த வேகமே அதனை அனுகூலமாகவும் பிரதிகூலமாகவும் ஆக்குகிறது.

இத்திருஷ்டாந்தத்துக்கு நேரான தத்துவம் சைவ சித்தாந்தத்தில் உண்டு. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளை இந்நகரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவ ஆசிரியராய் இருந்து, மேனாட்டு நூல்களைக் கற்பித்துக்கொண்டே சித்தாந்தத்திலும் ஆழ்ந்திருந்தவராதலின், இவ்விஷயம் இவ்வூருக்குப் புதியதன்று. இறைவனுடைய சக்தி ஒன்றே, பக்குவப்படாத உயிரிடத்தில் திரோதானம் என்னும் மறைப்பாய் நின்று அதனை உலகத்தில் செலுத்துகிறது. நல்வினை தீவினைகளை ஒப்ப நோக்கும் இருவினையொப்பும், மலம் பக்குவமடையும் மலபரிபாகமும் வாய்த்த உயிரிடத்தில் அதுவே அருட்சக்தியாய்ப் பதிகிறது. மறைக்கும் தொழில் பற்றி அச்சக்தியையே திரோதாயி என்று, உயிரைப் பிணிக்கும் மலங்களுள் ஒன்றாக எண்ணிய வழக்கும் உண்டு. அருளை மலத்தோடு சேர்த்து எண்ணுவது கேட்பவருக்கு வியப்பாக இருக்கலாம். உச்சிக்கு முன்பே விழும் பொறியை அறிந்தவருக்கு அதில் வியப்பில்லை. ஏறி முடியாத உயிருக்கு அருளின் முதல் ஸ்பரிசம் எதிர்ப்பாகவே தோன்றும்.

பலவீனர் பொருட்டுப் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்தலாகாதா என்று கேட்கலாம். ஓடும்போதும் அவ்வாறே வைத்திருந்தால் எஞ்சின் வலுவிழந்துவிடும். ஆனால் பழைய ஆங்கிலேய மோட்டார் சைக்கிள்களின் கைப்பிடியில் இதற்கென்றே ஒரு சிறு நெம்புகோல் இருந்தது. கிளப்பும்போது பொறியைப் பிற்படுத்தி, வேகம் பிடித்தபின் முற்படுத்துவார்கள். குருவின் காரியமும் இதுவே. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று படிகள் வகுத்ததும், மாணாக்கனது பக்குவம் நோக்கித் தீட்சையில் பேதங்கள் வைத்ததும், தாங்க முடியாத நேரத்தில் நெருப்பு விழுந்து உயிர் தள்ளுண்டு போகாமைப் பொருட்டே. ஞான நூலை முதல் நாளே கையில் கொடுக்காத ஆசிரியரைக் கருமி என்று பழிப்பது இதனை உணராமையால்.

எதிரோட்டத்தில் இதனினும் அஞ்சத்தக்க அமிசம் ஒன்றுண்டு: அது நியூட்ரலில் தெரியாது. வண்டி நிற்கும்வரை ஓசை அதே ஓசை, புகை அதே புகை. காது மிகப் பழகியவர் சிறிது பிசிறைக் கேட்கக்கூடும், மற்றவர் எல்லாம் நலமென்றே இருப்பார்கள். கிளட்சை விட்டு, சக்கரம் சாலையைப் பற்றிய பின்புதான் உண்மை வெளிப்படும். தனியிடத்தில் அமர்ந்து ஜபமும் பாராயணமும் செய்யும்போது உள்ளம் இனிமையாக ஓடுவதைக் கொண்டு அது நேரே ஓடுகிறது என்று முடிவு கட்டுதல் இயலாது. வேலைக்காரியிடம் பேசும் தொனியிலும், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையிலும், நமக்குக் கீழ்ப்பட்டவர் பிழை செய்த வேளையிலும்தான் அவ்வோட்டத்தின் திசை பிரத்தியட்சமாகும். சாதனை மிகுந்தோறும் எரிச்சலும் மிகுமானால், அதனைச் சாதனையின் குறைவென்று எண்ணுதல் தவறு. அது நிறைவாகவே நடைபெறுகிறது, எதிர்த்திசையில்.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். வாழ்க்கையில் தள்ளுண்டவரெல்லாம் அரைமனத்தால் தள்ளுண்டார் என்று சொல்லிவிட்டால் அது பெரும் பாதகமாகும். கிக்கரை மிதிக்கும் காலில் வாதம் இருக்கலாம். நாளெல்லாம் உழைத்துச் சோர்ந்த காலாகவும் இருக்கலாம். வறுமையையும் நோயையும் சாதி இழிவையும் தாங்கி நின்றவரிடம் உன் முயற்சி போதவில்லை என்பது தத்துவமன்று, கொடுமை. சித்தாந்திகள் ஆணவத்தைக் குற்றமென்று தண்டியாமல், செம்பிற் களிம்புபோல் அநாதியே உடன் நிற்பதென்று கொண்டதன் கருணை இவ்விடத்தில் விளங்கும். என் திருஷ்டாந்தம் புறத்தே நேரும் துன்பத்தைப் பற்றியதன்று. ஒருவன் தன் அகமுயற்சியைத் தானே ஆராய்ந்து கொள்வதற்கு மட்டும் உரியது.

எதிர்த்திசை என்பதே தீயது என்று கொள்ளவும் ஆகாது. ஆடி அமாவாசையன்று, மலையாளத்தார் கர்க்கடக வாவு என்னும் அந்நாளில், கரமனையாற்றங்கரைத் திருவல்லத்தில் பிதிர்க்கடன் செய்வோரைக் காணலாம். பூணூல் தரிப்போர் தேவகாரியத்துக்கு இடத்தோளில் அணிந்ததை அக்கடனுக்கு வலத்தோளுக்கு மாற்றுகிறார்கள். நூலும் உடலும் மாறவில்லை. சங்கல்பம் மாறியதால் திசையும் மாறியது. இயந்திரங்களிலும் இவ்வாறு வேண்டியே திசை மாற்றுவதுண்டு. ஜெர்மனியில் 1955 முதல் 1964 வரை செய்யப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் கே.ஆர். 200 என்னும் சிறு காரில் பின்செல்லும் கியரே கிடையாது. எஞ்சினை அணைத்துச் சாவியை மேலும் அழுத்தித் திருப்பினால் எஞ்சின் எதிரே சுழலும், நான்கு கியரிலும் பின்னே செல்லலாம். 2024 ஜூலையில் முதல் தாய்க்கப்பலை வரவேற்ற விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு வரும் பெருங்கப்பல்களை உந்துவனவும் பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக் டீசல் எஞ்சின்களே. அவற்றுக்குப் பின்னோட்டம் தேவைப்படும்போது, எண்ணெயை நிறுத்தி, சுழற்சி தணிந்தபின், அழுத்திய காற்றைச் சிலிண்டருக்குள் எதிர்வரிசையில் செலுத்திப் புதிதாகக் கிளப்புகிறார்கள். மோட்டார் சைக்கிளில் விபத்தாக நேர்வது கப்பலில் வித்தையாகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பேதம் அறிந்து செய்தலும் அறியாமல் நேர்தலுமே.

ஆயினும் காரிலும் கப்பலிலும் ஒரு விதி பொதுவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். முழு வேகத்தில் சுழலும் எஞ்சினை எவரும் திசை திருப்புவதில்லை. முதலில் ஓட்டம் அடங்க வேண்டும். நிவிருத்தி என்று பெரியோர் கூறியதன் உபயோகம் இங்கே தெளிவாகிறது. பக்தியில் தளர்ச்சி கண்டவர் சாதாரணமாகச் செய்வது, பூஜையை இரட்டித்தலும், யாத்திரையைப் பெருக்குதலும், இன்னும் அருள் வேண்டும் என்று இறைவனை வற்புறுத்தலுமாம். ஓட்டம் நேராக இருந்தால் அவை நன்மையே. எதிரோட்டத்தில் இருப்பவனுக்கு ஆக்ஸிலரேட்டரைத் திருகுவதால் விளைவது பின்னோக்கிய வேகமே. தாழ்ந்துவிட்டோம் என்று உணர்ந்தவன் மிகுதியான அருளை வேண்டுமுன், ஏற்கெனவே பெற்றதைக் கொண்டு எத்திசையில் ஓடினோம் என்று பார்த்து, சாவியை அணைத்து, செருக்கு முற்றும் தணியும் வரை பொறுத்திருந்து, பிறகு முழுக்காலும் ஊன்றி மிதிக்கக் கடவன். அருள் குறைந்தது என்பது அவனுடைய முறையீடு. குறைந்தது அருளன்று என்று அறிவது அவனுடைய சிகிச்சையின் ஆரம்பம்.