யாருக்கு லீவு?

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டால் ஆபீசுக்கு விடுவதில்லை. 2017 மே மாதம் என் மகளுக்கு 8 வயசு. எனக்கு அரசு அலுவலகத்தில் வேலை. வீட்டுக்காரர் கண்டக்டர், ட்யூட்டிக்குப் போனால் மறுநாள்தான் வருவார். பிள்ளையை யார் பார்ப்பது? "ஊருக்கு அனுப்பிடுங்க மேடம், பாட்டி வீடு இல்லையா?" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கு ஊர் என்றால் தோப்பு, கிணறு, மாம்பழம். எங்களுக்கு ஊர் வேறு, காலனி வேறு. டவுனில் வளர்ந்த பிள்ளை 'நீ எந்தத் தெரு?' என்ற கேள்வியை லீவுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? அனுப்பவில்லை. என்றைக்கு இருந்தாலும் தெரியத்தானே போகிறது என்று ஆயா கோபித்துக்கொண்டது.

அப்புறம் ஒரு அம்மா கிடைத்தார். எங்க ஆளுங்கதான், பக்கத்துக் காலனி. காலை 9 மணிக்கு வந்து 6 மணிக்குப் போவார். "மத்த வூட்ல எல்லாம் பின்பக்கமா வந்து பின்பக்கமாவே போறதுக்கா. இங்கதான் அடுப்படி வரைக்கும் வரேன்" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. கேட்ட சம்பளம் கொடுத்தேன். நம்ம சனத்துக்கு நாலு காசு போகிறது என்ற பெருமை வேறு.

பத்து நாள் அந்தப் பெருமையில் ஓடியது. பதினோராம் நாள் ஆபீசுக்குப் போன் வந்தது. "அக்கா, பையன் சுடுதண்ணிய மேல ஊத்திக்கினானாம். நான் போவணும்."

எந்தப் பையன்? ஒன்றரை வயசுக்காரன். அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? "பொண்ணு இருக்குதுக்கா." பொண்ணுக்கு எத்தனை வயசு? "ஒம்போது."

பத்து நாளாக நான் இதைக் கேட்கவே இல்லை. என் பிள்ளைக்கு எத்தனை மணிக்குப் பால், எந்தச் சேனல் பார்க்கலாம் என்றெல்லாம் சொல்லத் தெரிந்த எனக்கு, உனக்குப் பிள்ளைங்க இருக்கா என்று கேட்கத் தோன்றவில்லை. நானே ஒரு காலத்தில் அந்த ஒன்பது வயசுப் பெண்ணாக இருந்தவள்.

1983 மே மாதம். அம்மா விடியலில் எழுந்து, ஊர்த் தெரு வீடு ஒன்றில் மாட்டுக்கொட்டாய் கூட்டிவிட்டு, அவர்கள் கொல்லையிலேயே மல்லாட்டை ஆயப் போவாள். அந்த வீட்டுக்கு மெட்ராசிலிருந்து பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்திருந்தார்கள். எனக்கு இடுப்பில் தம்பி. ஒருநாள் பாண்டி ஆடுகிற ஆசையில் அவனைத் திண்ணையில் உட்கார வைத்தேன். விழுந்தான். புருவம் கிழிந்தது. அம்மா விளக்குமாறால் அடித்த அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு அவள் அழுததும்தான். தப்பு யாருடையது? ஒன்பது வயசில் என்னுடையது என்றுதான் நினைத்தேன். அப்புறம் அம்மாவுடையது என்று நினைத்தேன். அந்த வீட்டுக்காரர்மேல் சந்தேகம் வரவே ரொம்ப வருசம் ஆனது.

"நாமதான் சம்பளம் குடுக்குறோமே, அதுக்கு மேல என்ன செய்யணும்?" என்றார் வீட்டுக்காரர். நியாயம்தான். ஆனால் அந்த ஊர்த் தெருக்காரரும் படி அளந்துதான் கொடுத்தார். என் மகளின் லீவு இன்னொரு பெண்ணின் லீவை எடுத்துத்தான் நடக்கிறதென்றால், அதற்கு எந்தச் சம்பளத்தில் கணக்குப் போடுவது? சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று 1936ல் அம்பேத்கர் எழுதினார். நானும் அந்த அம்மாவும் ஒரே சாதிதான். ஒரு உத்தியோகம் வந்ததும் எங்களுக்குள்ளேயும் ஒரு பின்வாசலை நான் வைத்துவிட்டேனோ?

சட்டத்தைப் புரட்டினால் சிரிப்பு வருகிறது. 1948 தொழிற்சாலைச் சட்டமும் 2005 நூறு நாள் வேலைச் சட்டமும் வேலைக்கு வரும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு சொல்லின, 6 வயசுக்குள் இருந்தால். அதற்கு மேல் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்ற நினைப்பு போல. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டால்? சத்துணவும் அதோடு நின்றுவிடுகிறதே. 2016ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயசுக்குக் கீழே வேலை கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகும், விடுமுறையிலும், பிள்ளை தன் குடும்பத்துக்கு உதவலாமாம். விடுமுறை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பிள்ளையை மனசில் வைத்து எழுதியிருப்பார்கள்?

ரெண்டு பிள்ளைகளையும் இங்கேயே கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். பையன் கையில் கட்டு. அந்தப் பெண் முதல் நாள் என் மகளோடு தாயம் ஆடியது. மூணாம் நாள் நான் வீடு திரும்பும்போது டம்ளரெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. "அந்த அக்கா சூப்பரா கழுவுறாங்கம்மா" என்றாள் என் மகள். நான் அந்தப் பெண்ணை அதட்டினேன். "சும்மாதான ஆண்ட்டி இருக்கேன்" என்றது.

மீதி நாட்களுக்கு நானே விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் முழுமாதச் சம்பளத்தைக் கொடுத்து, இனி வர வேண்டாம், பிள்ளைகளோடு இருங்க என்றேன். வாங்கி எண்ணினார். முகம் சுருங்கிவிட்டது.

"பையன் ஊத்திக்கினதுக்காவக்கா? அடுத்த வருசம் பொண்ணுக்குப் பத்தாயிடும். தைரியமா வுட்டுட்டு வருவேன். கூப்புடுவீங்களா?"